வீடு திரும்பும் டயர்: வார இறுதிக்கும் டிராக் டேக்கும் ஒரே கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒரு சின்னக் கணக்கு. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் கார், ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. ஒரு டிராக் டேயில் 25 சுற்று ஓட்டினால் 92 கி.மீ. சொச்சம். ஆண்டுக்கு இரண்டு முறை போனாலும் 185 கி.மீ.தான். மிச்சமுள்ள 4,800 கி.மீ.யும் ஈ.சி.ஆர்., ஏலகிரி மலைப்பாதை, ஜி.எஸ்.டி. சாலையில் தேங்கும் மழைநீர், நம் தெருமுனைக் குழி. ஆனால் டயர் வாங்கக் கடைக்குள் நுழையும்போது மனசு முழுக்க அந்த 185 கி.மீ.யிலேயே நிற்கிறது. தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அதற்காக அந்த 185 கி.மீ.யை ஒதுக்கிவிடவும் முடியாது. 1,100 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக், 32 பி.எஸ்.ஐ. காற்றில் நிற்கும்போது, ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கை அளவு. எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் என்று எதற்குச் செலவு செய்தாலும், அத்தனையும் தரைக்குப் போவது அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான். அதைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். கீழே உள்ள பட்டியல் அதற்கே.

தேடத் தொடங்கும் முன்

செய்ய வேண்டியவை

• டயர்களில் என்னென்ன வகை உண்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல டயர்களின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்' என்று ஒரு எண் பொறித்திருக்கும். அமெரிக்க அரசு வகுத்த முறை அது. 100 என்பது அடிப்படை. 200 என்றால் அதே சோதனைப் பாதையில் அதைவிட இரண்டு மடங்கு உழைக்கும் என்று பொருள். 400-க்கு மேல் இருந்தால் அது மைலேஜுக்கும் நீண்ட உழைப்புக்குமான சாதாரண டயர். 300-ஐ ஒட்டி இருப்பவை சாலைக்கான பர்ஃபார்மன்ஸ் டயர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசை இந்த ரகம். 200 என்பது டிராக்கை மனதில் வைத்துச் செய்த சாலை டயர். யோகோஹாமா அட்வான் நியோவா, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஆர்.இ.71 ஆர்.எஸ். போன்றவை. 100-உம் அதற்குக் கீழும் செமி ஸ்லிக். அதற்கும் அப்பால் இருப்பது பள்ளமே இல்லாத ஸ்லிக். அதைச் சாலையில் ஓட்டக் கூடாது.

• முதல் மூன்று, நான்கு டிராக் டே வரை 300 ரகத்திலேயே நில்லுங்கள். இப்படிப்பட்ட டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சென்று கத்தும். பிடியை ஒரேயடியாக விடாது, கொஞ்சம் கொஞ்சமாக விடும். வளைவில் வேகம் அதிகமாகிவிட்டது, ஸ்டீயரிங்கை அதிகம் ஒடித்துவிட்டோம், பிரேக்கைச் சீக்கிரம் விட்டுவிட்டோம் என்று ஒவ்வொன்றையும் காதுக்குச் சொல்லும். செமி ஸ்லிக் நெடுநேரம் ஓட்டுநரின் தப்புகளை மூடி மறைத்துவிட்டு, மறைக்க முடியாத வேகத்தில் சட்டென்று கைவிடும். கத்தும் டயர்தான் நல்ல வாத்தியார்.

• டயருக்கு முன்னால் பிரேக் ஆயிலைப் பாருங்கள். பிடி கூடினால் பிரேக்கை இன்னும் பலமாக அழுத்த முடியும். அழுத்தினால் சூடு ஏறும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. டாட் 4 என்றால் 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு இந்த அளவு முறையே 140, 155 டிகிரி. ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

• உங்கள் அளவில் அந்த டயர் இந்தியாவில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. இன்றைக்கு நான்கு கிடைத்து, ஆறு மாதம் கழித்து ஒன்று கிழிந்தால் அதற்கு ஜோடி கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஐரோப்பிய, ஜப்பானிய டிராக்குகளின் லேப் டைமைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே தரையின் சூடு வேறு. இருங்காட்டுக்கோட்டையில் மே மாதம் பகல் பதினோரு மணிக்குத் தார் மேல் கை வைக்க முடியாது. அந்தக் குளிர்நாட்டில் மூன்றாவது சுற்றில் சூடேறி மின்னிய டயர், இங்கே மூன்றாவது சுற்றில் வெண்ணெய் மாதிரி வழுக்கலாம்.

• ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு ஒப்பிடாதீர்கள். அந்த எண்ணைத் தருவது டயர் செய்தவரேதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். கம்பெனி மாறினால் அதைத் தோராயமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

• வடகிழக்குப் பருவமழையை மறக்காதீர்கள். செமி ஸ்லிக்கில் பள்ளங்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரத்தின் கீழ் வரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயரைத் தூக்கிவிடும். கார் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத கதைதான்.

• 'எல்லாப் பருவத்துக்கும்' என்று விற்கும் டயரைப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்காதீர்கள். பனி விழும் ஊருக்காகச் செய்த சமரசம் அது. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு நல்ல கோடைக்கால டயர் பன்னிரண்டு மாதமும் போதும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது

செய்ய வேண்டியவை

• டயரின் பக்கவாட்டைப் படிக்கப் பழகுங்கள். '195/55 ஆர்16 87வி' என்று இருந்தால், அகலம் 195 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம்; ரேடியல் டயர்; ரிம் 16 அங்குலம். 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதற்கான எண். 'வி' என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும். 'எச்' 210, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300.

• மொத்த விட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலில் வரும் 185/65 ஆர்15. 15 அங்குலம் 381 மி.மீ.; மேலும் கீழும் பக்கச்சுவர் 120.25 வீதம், மொத்தம் 621.5 மி.மீ. இதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் 620.9 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் கணக்கு மாறாது, டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியும் அவசரத்துக்கு உதவும்.

• அதே உதாரணத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 185/65 ஆர்15 டயரின் சுமை எண் பொதுவாக 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16-க்கு 87. அகலம் கூடியிருக்கிறது, சுமை குறைந்திருக்கிறது. கார் கையேட்டில் சொல்லியிருக்கும் சுமை எண்ணுக்குக் குறையாத டயரைத்தான் வாங்க வேண்டும். அதே அளவில் பக்கச்சுவரை வலுவாக்கிய 91 எண் கொண்டவையும் வருகின்றன, தேடிக் கேளுங்கள்.

• ரிம்மின் அகலத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். 195/55 ஆர்16 டயருக்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். ஒவ்வொரு அளவுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. டயர் கம்பெனியின் அட்டவணையில் அது இருக்கும்.

செய்யக்கூடாதவை

• அகலம்தான் பிடி என்று நம்பாதீர்கள். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது டயருக்கும் பொருந்தும். ஆறு அங்குல ரிம்மில் 225 டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பானை மாதிரி வெளியே பிதுங்கும். வளைவில் டிரெட் ஒரு பக்கமும் ரிம் ஒரு பக்கமும் இழுக்க, ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் காலதாமதமாகக் கேட்கும். மழையில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும் என்பதும் கூடவே வரும் தொல்லை. நல்ல ரப்பரில் 195 டயர், மட்டமான ரப்பரில் 215-ஐத் தோற்கடிக்கும்.

• அழகுக்காகப் பக்கச்சுவரை மெலிதாக்காதீர்கள். குழியில் விழும்போது ரிம்முக்கும் தாருக்கும் நடுவே நசுங்குவது அந்தச் சுவர்தான். உள்ளே நூலிழை அறுந்தால் வெளியே முட்டை மாதிரி வீக்கம் தெரியும். அந்த டயரை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

• உங்கள் மாடலின் எந்த வகையிலும் கம்பெனி தராத அளவுக்குத் தாவாதீர்கள். வண்டியின் மூல வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. சோதனையிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் கேள்வி வராத இடம் கம்பெனி தந்த அளவுதான்.

கடையில்

செய்ய வேண்டியவை

• தயாரித்த தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் 'டாட்' எழுத்துத் தொடரின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இது முழுமையாக இருக்கும். தெரியாவிட்டால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நான்கையும் பாருங்கள். ஒரு முறை விலை குறைவு என்ற சந்தோஷத்தில் நான் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் நான்கில் இரண்டு டயர்கள் மூன்று வயது மூத்தவை. மழையில் அந்த இரண்டும் காட்டிய குணம் வேறு.

• ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் டயருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15633. பெட்டியில் வந்தது, நண்பர் கொண்டுவந்தது என்று வரும் சரக்கில் இது இல்லாமல் போகலாம்.

• 'வெளிப்பக்கம்' என்று பொறித்த டயரா, சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரா என்று கேளுங்கள். முதல் ரகத்தை இடமும் வலமும் மாற்றிக்கொள்ளலாம், வெளிப்பக்கம் வெளியே இருந்தால் போதும். அம்புக்குறி ரகத்தை ரிம்மிலிருந்து கழற்றாமல் பக்கம் மாற்ற முடியாது. டிராக்குக்குப் போகும் காருக்கு முதல் ரகம் வசதி; காரணம் கீழே வரும்.

• நான்கையும் ஒரே மாதிரி வாங்குங்கள். பணம் போதாமல் இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதியவை பின்பக்கம் போகட்டும். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றாலும் இதுதான் விதி. முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் மீளும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். நெடுஞ்சாலை மழையில் சுழலும் காரைப் பிடிக்கக் கூடியவர்கள் மிகச் சிலர்.

செய்யக்கூடாதவை

• ரேஸ் முடித்த பழைய ஸ்லிக், செமி ஸ்லிக் மலிவாக வருகிறதே என்று கை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகுகிறது. கண்ணுக்கு ஆழம் இருக்கும், பிடி போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

• ரீட்ரெட் செய்த டயரை டிராக்குக்கு நினைக்கவே நினைக்காதீர்கள். லாரியின் பின் அச்சில் அதற்கு இடம் உண்டு. வளைவில் பக்கவாட்டு விசையை முழுக்கத் தாங்க வேண்டிய உங்கள் காரில் இல்லை.

• நைட்ரஜன் அடித்து மூடியைப் பச்சையாக மாற்றினால் டிராக்கில் அழுத்தம் ஏறாது என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜனும் சூட்டில் விரியும். அதனால் கிடைப்பது ஈரமில்லாத காற்று என்ற சின்ன நன்மை மட்டும்.

பூட்டும்போதும், முதல் 300 கி.மீ. வரையிலும்

செய்ய வேண்டியவை

• பேலன்சிங்கும் வீல் அலைன்மென்ட்டும் சேர்த்துச் செய்யுங்கள். டிராக்குக்கும் போகிற கார் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். நம் சாதாரணக் கார்களில் சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்வது மிகக் குறைவு. இதைத்தான் கேம்பர் என்கிறார்கள். வளைவில் கார் சாயும்போது டயரின் வெளி ஓரம் மட்டும் தரையில் அரைபடும். கம்பெனி அனுமதித்த வரம்புக்குள் உட்சாய்வைக் கூட்டினால் டயரின் முழு அகலமும் வேலை செய்யும், ஆயுளும் கூடும்.

• நட்டுகளை டார்க் ரென்ச்சால், கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள். டிராக் நாள் காலையிலும் ஒரு முறை.

• புதிய டயரை முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய வழவழப்பு மேற்பரப்பில் மிச்சமிருக்கும். அது தேயும் வரை பிடி முழுதாக வராது.

செய்யக்கூடாதவை

• பெட்டி பிரித்த டயரோடு நேராக டிராக்குக்குப் போகாதீர்கள். புதிய டயரில் டிரெட் ஏழு, எட்டு மி.மீ. ஆழம் இருக்கும். உயரமான ரப்பர்க் கட்டைகள் வளைவில் நெளியும், நெளிவதால் உள்ளே சூடேறும், ஓரம் பிய்ந்து வரும். வறண்ட டிராக்கில் பாதி தேய்ந்த டயர் புதியதைவிட நன்றாக நடந்துகொள்வது இதனால்தான்.

• அதே காரணத்தைச் சொல்லி மொட்டை டயரோடு சாலைக்கு வராதீர்கள். பள்ளத்துக்குள்ளே குறுக்கே தெரியும் சிறிய மேடு 1.6 மி.மீ. உயரம். டிரெட் அதோடு சமமாகிவிட்டால் சட்டப்படியும் அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது. மழைக்காலம் என்றால் 3 மி.மீ.யிலேயே மாற்ற யோசியுங்கள்.

• நூல் திரி திணித்துப் பஞ்சர் ஒட்டிய டயரை டிராக்கில் ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு அது தாங்கும். பக்கச்சுவரில் பஞ்சர் என்றால் எந்த வகை ஒட்டும் கிடையாது. டயரை மாற்றுவது ஒன்றே வழி.

டிராக் நாளில்

செய்ய வேண்டியவை

• சொந்தமாக ஒரு நல்ல ஏர் கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். பங்க் மீட்டருக்குப் பங்க் மீட்டர் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. மாறும். உங்கள் கேஜ் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் எப்போதும் ஒரே மாதிரித் தப்பாக இருக்கும், அதுவே போதும்.

• ஓடுவதற்கு முன்னும் ஓடி வந்த உடனும் நான்கு டயரின் அழுத்தத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டயருக்குள் காற்று 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால், காலையில் 32 இருந்தது 37-ஐத் தாண்டியிருக்கும். அழுத்தம் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். டயர் கம்பெனி சொல்லும் சூடான நிலை அளவுக்கு, ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக இறக்குங்கள்.

• சாக்பீஸால் டயரின் ஓரத்தில் டிரெட்டிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு போடுங்கள். நாலு சுற்றுக்குப் பிறகு கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிந்து உருள்கிறது, காற்று போதவில்லை. டிரெட்டின் விளிம்புக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். பத்து பைசா செலவில்லாத இந்தச் சோதனைக்கு ஈடு இல்லை.

• முதல் சுற்று டயரைச் சூடேற்ற, கடைசிச் சுற்று ஆற்ற. நடுவே ஐந்தாறு சுற்று போதும். டயர் கத்தும் சத்தம் கீச்சிலிருந்து கரகரப்பாக மாறி, போன சுற்றில் பிடித்த வளைவில் இப்போது கார் வெளியே நழுவினால், டயர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. உள்ளே வந்துவிடுங்கள்.

• மதிய இடைவேளையில் டயர்களைத் தடவிப் பாருங்கள். வலப்பக்க வளைவுகள் மிகுந்த டிராக்கில் காரின் எடை இடப்பக்கம் சாயும்; இடது முன் டயர்தான் அதிகம் பாடுபடும். வெளிப்பக்கம் பொறித்த ரகம் வாங்கியிருந்தால் இடமும் வலமும் அங்கேயே மாற்றிவிடலாம்.

செய்யக்கூடாதவை

• பக்கத்துக் கார்க்காரர் வைத்த அழுத்தத்தைக் கேட்டு அப்படியே வைக்காதீர்கள். அவர் காரின் எடை, அவர் டயர், அவர் கால் எல்லாமே வேறு.

• காலையிலேயே 24, 25 என்று மிகவும் குறைத்து வைத்துவிட்டு முதல் சுற்றிலேயே விரட்டாதீர்கள். சூடேறும் வரை பக்கச்சுவர் மடியும். மோசமான நேரத்தில் ரிம்மின் பிடியிலிருந்தே டயர் நழுவலாம்.

• ஓடி முடித்து உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டயர் மேல் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

• காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டாதீர்கள். நம் வழக்கமான கார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை இரண்டுக்கும் இடமில்லை. டிராக்கில் சுவரை முட்டினால் செலவு முழுக்க நம் தலையில்தான்.

இரண்டாவது செட் வாங்கும் நிலை வந்தால்

ஆண்டுக்கு நாலைந்து டிராக் டேக்கு மேல் போகிறீர்கள், கத்தும் டயர் சொன்ன பாடமெல்லாம் கற்றாயிற்று என்றால், 200 ரகத்திலோ செமி ஸ்லிக்கிலோ தனியாக ஒரு செட், தனி ரிம்மோடு வைத்துக்கொள்வது நியாயம். சாலைக்கும் டிராக்கிற்கும் ஒரே டயரை அலையவிடுவதைவிட அது கடைசியில் சிக்கனம்.

செய்ய வேண்டியவை

• எடை குறைந்த ரிம்மாகப் பாருங்கள். சஸ்பென்ஷனுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிலோவும் மேடுபள்ளத்தில் டயரைத் தரையோடு ஒட்டி வைக்கும்.

• டிராக்கில் போய்ப் பூட்டி, முடிந்ததும் கழற்றுங்கள். பின் சீட்டை மடக்கி ஏற்றினால் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அவசர பிரேக்கில் ஒவ்வொரு சக்கரமும் உங்கள் முதுகை நோக்கி வரும்.

• வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் கறுப்புப் பையில் சுற்றி வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்க வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக. ரிம் இல்லாவிட்டால் நிற்க வைத்து.

செய்யக்கூடாதவை

• மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் பக்கத்திலும் வேண்டாம். மின்மோட்டாரிலிருந்து எழும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.

• இன்றைக்கு மழை வராது என்று நம்பிச் செமி ஸ்லிக்கிலேயே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் வெயில், பூந்தமல்லியில் கொட்டும் மழை என்பது சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல.

டிராக்கை விட்டுக் கிளம்பும் முன்

செய்ய வேண்டியது இங்கே முக்கியமாக ஒன்றுதான். இறக்கிய காற்றை மறுபடி ஏற்றுங்கள். 65 டிகிரி சூட்டில் 34 பி.எஸ்.ஐ. என்று இறக்கி வைத்த டயரில், அது 30 டிகிரிக்கு ஆறியதும் 29-தான் இருக்கும். மறுநாள் காலை குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அதே டயரில் நெடுஞ்சாலையில் 100-ல் போனால் பக்கச்சுவர் விடாமல் மடிந்து மடிந்து சூடாகும். டிராக்கில் ஒரு நாள் முழுக்க அடிபட்ட டயருக்கு அதைவிடக் கெட்ட மறுநாள் கிடையாது. நான் ஒரு முறை இதை மறந்து, இரண்டு நாள் கழித்து ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதே என்று யோசித்த பிறகுதான் கேஜைத் தேடினேன்.

செய்யக்கூடாததும் ஒன்றுதான். டயரைத் தடவிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். உட்பக்கச் சுவரில் வெட்டு, டிரெட்டில் கொப்புளம், ஓரத்தில் நூலிழை தெரிவது, ஒட்டிக்கொண்ட கல் எல்லாம் கைக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் போடுங்கள்.

டயர் வாங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை நொடி மிச்சப்படுத்தும் என்பதல்ல. அன்று மாலை மழை பிடித்துக்கொண்டால் இதே டயரில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவேனா என்று கேளுங்கள். வருவேன் என்று தயங்காமல் சொல்ல முடிகிற டயரை வாங்குங்கள். நொடிகளை ஓட்டிப் பழகிக் குறைத்துக்கொள்ளலாம்.